ஊசி ஒரு கேள்வி, முடிவு இன்னொரு கேள்வி: உப்புவெளியில் எங்கள் கொரோனாக் காலம்

இதை 2021 இல் யாராவது எழுதி என் கையில் தந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அப்போது எனக்கு வந்ததெல்லாம் வாதங்கள்தான். ஊசி போடு என்று ஒரு பக்கம், போடாதே என்று ஒரு பக்கம், பொறுத்துப் பார் என்று மூன்றாவது பக்கம். வீட்டில் எழுபது தாண்டிய அம்மா, அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். ஓ.எல். பரீட்சை எடுக்கப் போகும் மகன். கட்டாரில் மாட்டிக்கொண்ட கணவர். வங்கிக் கடனில் கட்டிய இரண்டு வாடகை அறைகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு தனியாக முடிவெடுக்க வேண்டிய ஒருத்திக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இப்போது சின்னமுத்து ஊசியைப் பற்றியும் அதே மாதிரியான குரல் பதிவுகள் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. இலங்கையில் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவித்த சின்னமுத்து, 2023 இல் திரும்பி வந்ததை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. எங்களுக்கு உழைப்பு என்றால் மே தொடங்கி செப்டெம்பர் வரைதான். அந்த மாதங்களில் தெற்கிலும் மேற்கிலும் மழையும் கொந்தளிப்பும், எங்கள் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். திமிங்கிலம் பார்க்கவும் புறாமலைத் தீவுக்குப் போகவும் ஆட்கள் வருவார்கள். 2018 இல் எட்டு இலட்சம் ரூபாய் கடனெடுத்து இரண்டு அறைகளையும் குளியலறையோடு கட்டினோம். அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போடு அந்த சீசன் போனது. சரி, 2020 இல் பிடித்துவிடலாம் என்று இருந்தால், மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, இது எப்போது முடியும்?

பதில் சொல்ல ஆட்களுக்குக் குறைவே இல்லை. மே மாத வெயிலுக்குக் கிருமி தாங்காது என்றார்கள். திருகோணமலை மே வெயிலை அறிந்தவர்கள் அதை நம்பியதில் ஆச்சரியமும் இல்லை. ஆகஸ்டில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது நாட்டில் தொற்று உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது, அதைப் பார்த்து முடிந்தே விட்டது என்றார்கள். அக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் கொத்தாகத் தொற்றுக் கண்டுபிடித்ததும் எல்லாம் மாறியது. நாடு முழுக்க மீன் வாங்கப் பயந்தார்கள், இங்கே பிடித்த மீனுக்கு விலை விழுந்தது. மீனால் கொரோனா வராது என்று காட்டுவதற்காக முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் ஊடகங்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்தே காட்டினார். டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கு மருந்தென்று காய்ச்சிய பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. எங்கள் ஒழுங்கையிலும் ஒரு போத்தல் எடுப்பித்துத் தரவா என்று கேட்டார்கள். அந்தப் பாணியை எல்லோருக்கும் முன்னால் குடித்த சுகாதார அமைச்சருக்கே ஜனவரியில் தொற்று வந்தது. எங்கள் வீட்டுக் கொத்தமல்லித் தண்ணியும் ஆவி பிடித்தலும் ஒருவருக்கும் கெடுதல் செய்யவில்லை, அதற்காகச் செலவும் இல்லை. கைமருந்தைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் கருத்து. காசு கேட்காத வரைக்கும், வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட வைக்காத வரைக்கும் இருக்கட்டும்.

2021 ஜனவரி 21 விமான நிலையத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தார்கள். 28 ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாகத் தந்த ஐந்து இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் வந்து இறங்கின, மறுநாளே சுகாதார ஊழியர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். தொலைக்காட்சி, பத்திரிகை, உறவினர் எல்லோரும் ஒரே குரலில், ஊசி வந்துவிட்டது, இனி முடிவுதான் என்றார்கள். நான் நகையை அடகு வைத்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு அறைகளுக்குப் பெயின்ற் அடித்து, தண்ணீர் மோட்டரும் மெத்தைகளும் மாற்றினேன். அன்றைக்குக் கையிலிருந்த தகவலுக்கு அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மே மாதம் சீசனுக்கு அறை தயாராக இல்லாவிட்டால் அடுத்த மேவரை காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மே மாதம் வந்தது சீசன் இல்லை, மூன்றாவது அலை. சித்திரை வருடப்பிறப்புக்கு நாடு முழுக்கப் பயணம் போய் வந்த கையோடு தொற்று ஏறியது. பயணத்தடை, பிறகு இன்னும் பயணத்தடை. ஒரே ஒரு இரவு கூட அறைக்கு ஆள் வரவில்லை.

இதற்கிடையில் இந்தியாவில் டெல்டா என்ற புதிய திரிபு பரவி, அவர்கள் ஊசி ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். இங்கே முதல் கோவிஷீல்ட் போட்ட ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இரண்டாவதற்கு வழியில்லாமல் நின்றார்கள். சீனாவின் சினோபார்ம் மட்டும்தான் தாராளமாக வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்திலும் அது கிடைக்கும் என்றதும் குடும்பக் குழுவில் சண்டை தொடங்கியது. ரொறன்ரோவில் இருக்கும் பெரியண்ணா பைசர் போட்டவர். "தங்கச்சி, அவசரப்படாதை. சைனா ஊசி போட்டா அம்மாவை இஞ்ச எடுக்க ஏலாது. பைசர் வரும், கொஞ்சம் பொறு" என்று இரவு இரவாகக் குரல் பதிவு. லண்டனில் இருக்கும் தங்கை, "அக்கா, கிடைக்கிறதைப் போட்டு விடுங்கோ, இங்க நான் வேலை செய்யிற இடத்தில என்ன நடந்தது எண்டு நான் கண்ணால பார்த்தனான்" என்பாள். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். இரண்டு பேரும் அம்மாவில் உள்ள பாசத்தில்தான் கதைத்தார்கள். ஆனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதும், ஏதும் நடந்தால் பழி சுமப்பதும் நான்.

அண்ணா சொன்னது முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன். சினோபார்மை உலக சுகாதார நிறுவனம் மே மாதம் 7 ஆம் திகதி அவசரப் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டபோது, ஆய்வுகளில் 79 சதவீதம் பலன் தந்ததாகச் சொன்னது. அதேவேளை அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த ஆய்வுகளில் மிகக் குறைவு என்றும் சொன்னது. கனடாவும் அப்போது அந்த ஊசியை ஏற்கவில்லை. ஆனால் அண்ணாவின் வாதத்தில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. பைசர் எங்கள் ஊரில் அம்மாவின் வயதுக்காரருக்கு எந்த மாதம் கிடைக்கும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் நான்கு வாரம், அதற்குப் பிறகு உடம்பு தயாராக இரண்டு வாரம். இன்றைக்குத் தீர்மானித்தால் ஒன்றரை மாதம் கழித்துத்தான் பலன். ஜூன் நடுவில் கொழும்பு தெமட்டகொடையில் டெல்டா கண்டுபிடித்த செய்தி வந்தது. அலை ஊருக்குள் வந்த பிறகு ஊசிக்கு ஓடினால் அந்த ஒன்றரை மாதத்தை யாரும் கடன் தரமாட்டார்கள். எந்த ஊசி நல்லது என்று இனியொரு காலத்தில் வாதம் வந்தால், "எது எனக்கு எப்போது கிடைக்கும், அதுவரை நான் எங்கே நிற்பேன்" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெளிநாட்டு உறவினர் தங்கள் ஊர்க் கடையில் இருப்பதை வைத்து எங்களுக்கு அறிவுரை சொல்வார்கள். குற்றமில்லை, ஆனால் எங்கள் ஊர்க் கடையில் என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது நானும் இல்லை, தங்கையும் இல்லை. எங்கள் பகுதிக் குடும்பநல மாது, நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். மகன் பிறந்த காலத்திலிருந்து வீட்டுக்கு வந்து போகிறவர். படலைக்கு வெளியே நின்றபடியே கதைத்தார். அம்மா நேரே கேட்டார், "இதைப் போட்டா எல்லாம் முடிஞ்சிடுமோ மிஸ்?" ஆம் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபம். அவர் அப்படிச் சொல்லவில்லை. "லைஃப் ஜாக்கெட் போட்டா கடல் அடங்குமோ அம்மா? கடல் தன்ர பாட்டுக்கு அடிக்கும். நீங்க தாழ மாட்டீங்க, அவ்வளவுதான்." திருக்கடலூரில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் ஒன்று தெளிந்தது. இரண்டு வேறு கேள்விகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். ஊசி போடுவதா என்பது இந்த வீட்டில் இந்த ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகும் வாய்ப்பைக் குறைப்பது பற்றியது. கொரோனா எப்போது முடியும் என்பது உலகம் முழுக்க எத்தனை பேர், எந்தத் திரிபு, எந்த நாடு என்பதையெல்லாம் பொறுத்தது. முடிவைக் காட்டி ஊசியை விற்றவர்கள், முடிவு வராதபோது ஊசியின் பெயரையும் சேர்த்துக் கெடுத்தார்கள். "போட்டம், என்ன முடிஞ்சது?" என்று பிறகு கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஊசி போட்ட நாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடசாலை ஒன்றில் வைத்துப் போட்டார்கள். விடியவே போனோம், வெயில் ஏறிய பிறகுதான் எங்கள் முறை வந்தது. சீனி வருத்தக்காரரைக் கூட்டிப் போகிறவர்கள் தண்ணீரும் பிஸ்கட்டும், மடக்குக் கதிரை இருந்தால் அதையும் கொண்டு போங்கள். குடிக்கும் மருந்துகளின் பெயரைத் துண்டில் எழுதி வையுங்கள், இரத்தத்தை இளக்கும் மருந்து குடிப்பவர் என்றால் அதைக் கட்டாயம் முதலே சொல்ல வேண்டும். கை தளர்வான உடுப்புப் போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அன்றிரவு மெல்லிய காய்ச்சல், கை நோவு, மறுநாள் மத்தியானம் சோறும் மீன் குழம்பும் கேட்டுச் சாப்பிட்டார்.

அந்த வாரத்தில் வந்த வட்ஸ்அப் செய்திகளை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். ஊசி போட்ட எல்லோரும் இரண்டு வருடத்தில் இறந்துவிடுவார்கள் என்று நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் சொன்னதாக ஒன்று. அவர் தடுப்பூசித் திட்டங்களைக் குறை சொன்னவர்தான், ஆனால் அந்த வசனத்தை அவர் சொல்லவே இல்லை. ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டும் என்று ஒரு காணொளி. என் மகன் குளிர்ப்பெட்டியில் இருந்த காந்தத்தை எடுத்து அம்மம்மாவின் கையில் வைத்துப் பார்த்தான், விழுந்தது. இளம் பெண்களுக்குப் பிள்ளை தங்காது என்று இன்னொன்று, இதுதான் எங்கள் ஊரில் அதிகம் வேலை செய்தது, கல்யாணத்துக்குப் பேசியிருந்த பிள்ளைகளைத் தாய்மார் மறித்தார்கள். உண்மையான பக்கவிளைவுகள் இல்லாமல் இல்லை. அஸ்ட்ராசெனெகாவுக்கு (கோவிஷீல்ட் அதன் இந்தியத் தயாரிப்புத்தான்) மிக அரிதான இரத்தக் கட்டி, பைசர், மொடர்னா போன்றவற்றுக்கு முக்கியமாக இளம் ஆண்களில் அரிதான இதயத் தசை அழற்சி. இவற்றைச் சுகாதார அமைப்புகளே வெளியே சொன்னார்கள். நான் கண்டுபிடித்த ஒரு சின்ன வழி இதுதான். உண்மையான எச்சரிக்கையில் யாருக்கு, எந்த ஊசிக்கு, எத்தனை நாளுக்குள், என்ன அறிகுறி, எங்கே போக வேண்டும் என்று இருக்கும். பொய்யில் எல்லோருக்கும், எப்போதோ, பயங்கரமாக ஏதோ ஒன்று என்று மட்டும் இருக்கும், கடைசி வரியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியும் இருக்கும்.

ஆகஸ்டில் டெல்டா ஊருக்குள் வந்தது. 20 ஆம் திகதி மறுபடி ஊரடங்கு, மாத இறுதியில் ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறந்ததாக அறிவித்தார்கள். அம்மா இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகவில்லை, காய்ச்சல் தொடங்கியது. பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். அந்தக் கடதாசியைப் பார்த்த நாளிலிருந்து ஒழுங்கையே மாறிவிட்டது. தினமும் பால் கொண்டுவரும் தம்பி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். முன்வீட்டு மாமி மட்டும் சாப்பாட்டுப் பார்சலைப் படலையில் கொழுவிவிட்டுக் கூப்பிட்டுச் சொல்வார். நான் அழுததெல்லாம் அந்தப் பார்சலைப் பிரிக்கும்போதுதான். மகனை ஒரு அறையில் வைத்துப் பூட்டாத குறை. வாடகைக்குக் கட்டிய அறைகள் அப்போதாவது உதவின, ஆளுக்கு ஒரு குளியலறை.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒட்சிமீற்றரை முதல் மாதமே வாங்கி வைத்திருந்தேன், அலை வந்த பிறகு பாமசிகளில் விலை இரண்டு மடங்குக்கு மேல் போய், பிறகு இல்லவே இல்லை. அதைப் பாவிக்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் எண் பிழைக்கும், கை குளிர்ந்திருந்தாலும் பிழைக்கும். இருத்தி, ஐந்து நிமிடம் ஆற விட்டு, எண் ஓரிடத்தில் நின்ற பிறகு எழுதுங்கள். அறைக்குள் சில நிமிடம் நடக்க விட்டு மறுபடி பாருங்கள், சிலருக்கு நடக்கும்போதுதான் இறங்கும். அம்மாவுக்கு இருந்தபடி 95, நடந்தால் 91. ஆனால் அவர் மூச்சு முட்டுகிறது என்று சொல்லவே இல்லை, களைப்பு என்றுதான் சொன்னார். தெரிந்தவர் ஒருவர் ஒட்சிசன் இயந்திரம் வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார், வாரத்துக்கு இருபதாயிரம், முற்பணம் வேறு. நான் எடுக்கவில்லை. வீட்டு இயந்திரம் தரக்கூடிய ஒட்சிசனுக்கு ஒரு எல்லை இருக்கிறது, அது போதாமல் போகும் நேரம் நள்ளிரவாகத்தான் இருக்கும். ஓட்டோக்காரர் ஒருவர் வர மறுத்தார், இன்னொருவர் ஐந்து மடங்கு கேட்டார். பிறகுதான் 1990 என்ற அவசரத் தொலைபேசி இலக்கம் நினைவுக்கு வந்தது. சுவசெரிய அம்பியூலன்சுக்கு ஒரு சதமும் இல்லை. அந்த நாட்களில் வரத் தாமதமாகும், அதனால் எண் இறங்கத் தொடங்கும்போதே அழையுங்கள், மூச்சு வாங்கும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசனும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும் கொடுத்தார்கள். அந்த மருந்து ஒட்சிசன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது, தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்பது 2020 இல் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்த விடயம். ஆனால் எங்கள் ஒழுங்கையில் சாதாரணக் காய்ச்சலுக்கே பாமசியில் வாங்கி விழுங்கியவர்கள் இருந்தார்கள். சீனி வருத்தக்காரர் உள்ள வீடுகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: இந்த மருந்து சீனியை ஏற்றும். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய சீனி 300 ஐத் தாண்டி நின்றது, களைப்புக்குக் காரணம் கொரோனாதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வீடு திரும்பியதும் சில வாரங்களுக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சீனி பார்த்து, மருந்தின் அளவைக் கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள். எனக்கு அந்த மாதம் மருந்து, சோதனைக் குச்சிகள், தனியாரிடம் செய்த பரிசோதனைகள், பார்சல் சாப்பாடு எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல் போனது. பி.சி.ஆருக்கு 6,500, அன்ரிஜனுக்கு 2,000 என்று அரசாங்கம் உச்ச விலை போட்டிருந்தது, அதைத் தெரிந்து வைத்திருந்ததால் கூடக் கேட்ட இடத்தில் வாதாட முடிந்தது.

அம்மா பிழைத்தார். உடனே குடும்பக் குழுவில் அடுத்த சுற்றுத் தொடங்கியது. "பார்த்தியா, சைனா ஊசி வேலை செய்யேல்லை" என்றார் அண்ணா. "ஊசி போட்டபடியால்தான் அம்மா உயிரோட இருக்கிறா" என்றாள் தங்கை. என்னைக் கேட்டால் ஒரு அம்மாவை வைத்து இரண்டையும் சொல்ல முடியாது. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு ஊசியும் போட்ட ஒருவர் இறந்தார், ஒரு ஊசியும் போடாத எண்பது வயதுக் கிழவர் இருமிக்கொண்டே தப்பினார். ஊர் வாதம் முழுக்க இந்த இருவரையும் வைத்துத்தான் நடந்தது. மகன் கொப்பியில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு பேச்சுக்கு, ஊரில் நூறு வயோதிபர், எண்பது பேர் ஊசி போட்டவர்கள், இருபது பேர் போடாதவர்கள். போட்டவர்களில் இருபதில் ஒருவரும், போடாதவர்களில் ஐந்தில் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று வைப்போம். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கமும் நான்கு. ஆஸ்பத்திரி வார்ட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர், பாதிப் பேர் ஊசி போட்டவர்கள், அப்படியென்றால் ஊசியால் என்ன பயன் என்பார். வெளியே நிற்கும் எண்பதையும் இருபதையும் அவர் எண்ணவில்லை. இந்தக் கணக்கை நான் அண்ணாவுக்கும் அனுப்பினேன், அவர் கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேறு காணொளி அனுப்பினார்.

2022 தொடக்கத்தில் இன்னொரு பயம் வந்தது. ஏப்ரல் 30 இலிருந்து முழுமையாக ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்குப் போக முடியாது என்று வர்த்தமானி போட்டார்கள், நடைமுறைக்கு வருமுன்னரே அது கைவிடப்பட்டது. அந்த அறிவிப்பைப் பார்த்து ஊசி போட்டவர்களும் இருப்பார்கள்தான். நான் கண்டது, ஏற்கெனவே சந்தேகப்பட்டவர்களுக்குச் சந்தேகம் கூடியதை. மிஸ் படலையில் நின்று கதைத்து ஒரு மாதத்தில் சேர்த்த ஆட்களை எந்த வர்த்தமானியும் சேர்த்திருக்காது.

ஊசி அட்டை விடயத்துக்கு வருகிறேன், என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். அண்ணா அம்மாவைக் கனடாவுக்கு எடுக்க விண்ணப்பித்தார். 2021 நவம்பர் 30 இலிருந்து கனடா சினோபார்மையும் ஏற்கத் தொடங்கியிருந்ததால் அவருடைய பழைய வாதம் தானாகவே விழுந்தது. ஆனால் கியூஆர் குறியீடு உள்ள டிஜிட்டல் சான்றிதழ் எடுக்கப் போனால், அம்மாவுக்கு ஒரு ஊசிதான் பதிவில் இருக்கிறது. முதல் ஊசியைப் பழைய அடையாள அட்டை இலக்கத்திலும் இரண்டாவதைப் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணிலும் பதிந்திருக்கிறார்கள், கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். பெயரும் ஒன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, மற்றதில் முழுப் பெயராக. கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். இதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதையை எழுதினால் இன்னொரு கட்டுரை வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் அடுத்த மேசையைக் காட்டினார்கள். கடைசியில் வேலை செய்தது, ஊசி போட்ட அன்றே நான் எடுத்து வைத்த அட்டையின் படம். இரண்டு பக்கமும், தொகுதி இலக்கம் தெளிவாகத் தெரிய எடுத்திருந்தேன். எந்த ஊசி என்றாலும், பிள்ளையின் கிளினிக் கொப்பி என்றாலும், மேசையை விட்டு எழும்புமுன் பெயர், அடையாள இலக்கம், திகதி, தொகுதி இலக்கம் நான்கையும் வாசித்துப் பாருங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள், எப்போதும் ஒரே அடையாள இலக்கத்தையே கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்து, விசாவும் வந்து, அம்மா புறப்பட்டபோது 2022 கடைசி. உள்ளே வர ஊசிச் சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனையை அக்டோபர் 1 ஆம் திகதியே கனடா எடுத்துவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை.

சரி, எப்போது முடிந்தது? எங்கள் ஒழுங்கையில் முகக்கவசம் கழன்றது பெற்றோல் வரிசையில். 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு, எரிவாயு இல்லை, பால்மா இல்லை, அந்தக் கூட்டத்தில் யாரும் ஒரு மீற்றர் இடைவெளி பார்க்கவில்லை. நோய் போகவில்லை, அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது 2023 மே 5 ஆம் திகதி. அன்றும் அவர்கள் நோய் முடிந்தது என்று சொல்லவில்லை. 1918 இல் உலகத்தை உலுக்கிய காய்ச்சலின் வழித்தோன்றல்கள் இன்றும் சுற்றுகின்றன, பெரியம்மையை மட்டும்தான் மனிதரிடமிருந்து முற்றாகத் துடைத்தோம், 1980 இல். ஆக, வைத்தியருக்கு ஒரு முடிவு, அரசாங்கத்துக்கு ஒரு முடிவு, சனத்துக்கு ஒரு முடிவு. வங்கிக்கு இன்னொரு முடிவு.

வங்கி முடிவு பற்றி எவரும் எழுதுவதில்லை, ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சுற்றுலாத் துறைக்குக் கடன் சலுகைக் காலம் என்று தந்து, அதைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். நீட்டிய ஒவ்வொரு முறையும் ஊரில் சந்தோஷப்பட்டார்கள். தவணைதான் கட்ட வேண்டியதில்லை, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 2022 இல் சலுகை முடிந்து கணக்கைப் பார்த்தபோது, எட்டு இலட்சம் எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் கட்டிய நாங்கள் ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் கூட்டியதால், மாறும் வட்டியில் இருந்த எங்கள் கடன் இன்னும் ஏறியது. கணவர் கட்டாரில் இருந்து அனுப்பிய காசில்தான் மீண்டோம். இனி எந்த நெருக்கடியிலும் வங்கி சலுகை தந்தால், கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: சலுகைக் காலத்து வட்டி முதலோடு சேருமா, சேர்ந்தால் அதற்கும் வட்டி உண்டா, முடியும்போது மாதத் தவணை எவ்வளவு. பதிலை வாயால் வாங்க வேண்டாம், அட்டவணையாக அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். கட்ட முடிந்த மாதத்தில் வட்டியை மட்டுமாவது கட்ட அனுமதி கேளுங்கள், எங்கள் ஒழுங்கையில் அப்படிக் கேட்டுச் சலுகைக் காலத்திலும் மாதம் நாலாயிரம், ஐயாயிரம் கட்டிக்கொண்டு வந்த விடுதிக்காரர் ஒருவருக்குக் கணக்கு எங்களைப் போல வீங்கவில்லை.